மேடேறிய சாக்கடை

"குழாய் எந்தப் பக்கமாப் போகுதுன்னாவது சொல்லுங்களேன்" என்று மன்றாடினான் பட்டாணி.

"மாட்டேன்" என்றார் நகரமைப்பு அதிகாரி.

"மேடம், உங்க வேலையக் காப்பாத்தத்தான் நாங்க வந்திருக்கோம்."

"ரகசியத்த வெளிய விட்டுட்டேன்னுதானே என்னை வீட்டுக்கு அனுப்பப் பாக்குறாங்க? உங்ககிட்டச் சொன்னா அந்தப் பழி நிஜமாயிடும்ல?"

பட்டாணி தலையில் அடித்துக்கொண்டான். துப்பறியக் கேஸ் கொடுத்துவிட்டுப் பொய் சொன்ன கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறான். பாதியை விழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறான். தன்னைக் காப்பாற்ற வந்தவர்களிடமே வாயைத் திறக்க மாட்டேன் என்று நாற்காலியில் சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்திருக்கும் ஒரு கட்சிக்காரரை இன்றுதான் பார்க்கிறான்.

பக்கத்தில் இருந்த அண்ணிக்கோ சிரிப்பு தாங்கவில்லை. அண்ணி என்றால் சும்மா கூப்பிடுகிற அண்ணி இல்லை, அவனுடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. சலவைக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவர். அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியும் அவர்தான், வேளாவேளைக்குச் சாப்பாடு போடுபவரும் அவர்தான் என்பதால் பட்டாணியால் எந்தப் பக்கம் திரும்பியும் முறைத்துக்கொள்ள முடியாது. வாயால் மட்டும் வம்பு வளர்ப்பான்.

"அவங்க சொல்றது நியாயம்தானே தம்பி" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நடந்ததை மட்டும் சொல்லுங்கம்மா. கோடு உங்க மனசுலயே இருக்கட்டும்."

நடந்தது இதுதான். நகரத்தின் ஓரத்தில் கிடந்த இந்தப் புறநகர், யாரும் எதிர்பாராத வேகத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டது. வீடு எங்கே வரலாம், கடை எங்கே வரலாம், எந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று முடிவு செய்வது நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடி. சாக்கடைக் குழாய் பதிப்பது கீழ்மாடி. மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஏழாம் பொருத்தம். மேல்மாடி வீடு கட்டச் சொன்ன இடத்தில் குழாய் இருக்காது. கீழ்மாடி குழாய் பதித்த இடத்தில் காக்கா குருவிகூட இருக்காது.

இந்த அம்மா ஒருநாள் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், கழிவுநீர் இன்ஜினியருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டார்கள், டீ குடித்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கோடு போட்டார்கள். ஏற்கெனவே ஜனங்கள் அவதிப்படும் தெருக்களுக்கு முதலில் குழாய், அதன் பிறகுதான் புது மனைகளுக்கு அனுமதி. கோடு வெளியே தெரிந்தால் அந்த வழியெல்லாம் நிலத்தை வளைத்துப் போட்டுவிடுவார்கள் என்று, வரைபடத்தில் ஊர்ப்பெயர் தெருப்பெயர் எதையும் எழுதவில்லை. நகராட்சித் தலைவரிடம் ஒரே ஒரு முறை காட்டிவிட்டு, அங்கேயே உறையில் போட்டு சீல் வைத்தார்கள். பார்த்தவர்கள் அந்த மூன்று பேர்தான்.

அடுத்த வாரமே போர்டு முளைத்துவிட்டது. 'பாதாளச் சாக்கடை வரப்போகும் மனைகள்! முந்துங்கள்!'

"ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க" என்றார் அதிகாரி. "நான்தான் வித்துட்டேன்னு தலைவர் சொல்றாரு. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டம். என்னை சஸ்பெண்ட் பண்ணி, திட்டத்தையும் தூக்கிக் குப்பையில போடப் போறாங்க. வேலை போனா போகட்டும். மேல்மாடியும் கீழ்மாடியும் இனி ஜென்மத்துக்கும் ஒண்ணா உக்காராது, அதுதான் எனக்கு ஆத்தாமை."

"போர்டுகளை நீங்க பாத்தீங்களா?"

"எங்க விட்டாரு? விசாரணை முடியிற வரைக்கும் நானும் இன்ஜினியரும் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது, போர்டைப் பத்தி யார்கிட்டயும் பேசவும் கூடாதுன்னு உத்தரவு. போர்டு எல்லாம் அச்சு அசலா நம்ம கோட்டு மேலயே நிக்குதுன்னு தலைவரே சொன்னாரு."

"கேஸ் முடிஞ்சது அண்ணி" என்றான் பட்டாணி. "மூணு பேர்ல இந்தம்மா வாயே திறக்க மாட்டாங்க. தலைவரே புகார் கொடுத்திருக்காரு. மிச்சம் யாரு? இன்ஜினியர். வாங்க, சாப்பிடப் போலாம்."

"முதல்ல போர்டைப் பாப்போம்."

"துப்பறியறதுலயே எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான்."

ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். போகிற வழியில் அண்ணி ஒரு தர்பூசணி வாங்கி அவன் கால்களுக்கு நடுவில் வைத்தார். அது மாமியாரின் உத்தரவு. கொலைகாரனையே கேள்வி கேட்டுத் திணறடிக்கும் அண்ணி, மாமியார் சொன்ன பழத்தை மறந்துவிட்டு வீட்டுக்குள் நுழைய மாட்டார்.

"நிறுத்தறதுக்கு பிரேக்கை மிதிக்கணுமா, பழத்தை மிதிக்கணுமா?" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான் பட்டாணி.

போர்டுகள் இருந்த இடம் ஊருக்கு வடக்கே ஒரு பாறை மேடு. ஸ்கூட்டர் பாதி மேட்டில் மூச்சை விட்டுவிட்டது. அண்ணி இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பட்டாணி வண்டியையும் பழத்தையும் வசைபாடியபடி தள்ளிக்கொண்டு வந்தான்.

உச்சியில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு மனை புரோக்கர், பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான்.

"வாங்க சார், வாங்க! பார்ட்டி நீங்கதானா?"

"நான் வெறும் கொழுந்தன். பார்ட்டி அண்ணிதான்."

"சாக்கடை நிச்சயமா வருமா?" என்று கேட்டார் அண்ணி, உலகமே அறியாத முகத்துடன்.

"சாக்கடையாம்மா? ராஜா மாதிரி வரும்!" என்று ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கிறுக்கினான் கூலிங்கிளாஸ். "நடுவுல பஸ் ஸ்டாண்டு. இது மெயின் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்க வட்டம் குளம். இந்தப் பக்க வட்டம் நாம நிக்கிற பாறை. கோடு பாருங்க, எப்படி வளைஞ்சு நெளிஞ்சு பாறையைச் சுத்தி வருது!" கடைசியாக மூலையில் ஓர் அம்பையும் போட்டான்.

"அம்பு எதுக்குங்க?"

"சாக்கடை போற திசைம்மா. ஒரிஜினல்ல இருக்கிறதை அப்படியே போட்டிருக்கேன்."

"ஒரிஜினலை நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? எங்க அத்தான் பாத்தாரு. அவர் சொன்னா கல்வெட்டு!"

"யாருய்யா உங்க அத்..." என்று ஆரம்பித்த பட்டாணியின் முழங்கையில் அண்ணி நறுக்கென்று கிள்ளினார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அண்ணி. "சாயங்காலம் நகராட்சி ஆபீசுல ஒரு வேலையா இருப்பேன். அங்க வந்தீங்கன்னா பேசி முடிச்சிரலாம்."

"நகராட்சி ஆபீசா? அது நம்ம வீடு மாதிரிம்மா! டாண்ணு வந்து நிப்பேன்."

திரும்பும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. பட்டாணி ஸ்கூட்டரை உதைத்தான். ஸ்கூட்டர் உறுமி ஒரு குலுக்கு குலுக்கியது. தர்பூசணி தொபுக்கென்று தரையில் விழுந்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, உருள ஆரம்பித்தது.

"பழம்! பழம்!" என்று கத்தினார் அண்ணி. "அத்தை என்னைக் கொன்னுடுவாங்க, பிடி தம்பி!"

பட்டாணி ஓடினான். பழம் அவனைவிட வேகமாக ஓடியது. தையல்கடை வாசலில் ஒரு வாடிக்கையாளரின் கால்களுக்கு நடுவில் புகுந்து வெளியேறியது. முடிவெட்டும் கடையிலிருந்து பாதி மழித்த முகத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்து "விடாதே, விடாதே!" என்று உற்சாகப்படுத்தினார். மெயின் ரோட்டில் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்று பழத்துக்கு வழிவிட்டது, பின்னால் வந்த பட்டாணிக்கு வழிவிடவில்லை. அவன் பஸ்ஸைச் சுற்றி ஓடுவதற்குள் பழம் அடுத்த சந்தில் திரும்பி, அங்கிருந்து இன்னும் தாழ்ந்த இன்னொரு சந்தில் இறங்கி, குளத்தங்கரைத் தெருவின் கடைசி வீட்டு வாசலில், கறுப்பாகத் தேங்கிக் கிடந்த சாக்கடைத் தண்ணீரில் சளப்பென்று போய் உட்கார்ந்தது. விரிசல்கூட விடவில்லை.

வாசலில் விளக்குமாறும் கையுமாக நின்ற ஓர் அம்மா அதை நிதானமாகப் பார்த்தார்.

"பந்து வரும், பழைய செருப்பு வரும், டப்பா வரும்" என்றார், மூச்சிரைக்க வந்து நின்ற பட்டாணியிடம். "மேட்டுல எது விழுந்தாலும் எங்க வாசலுக்குத்தான் வரும். திங்கிற மாதிரி ஒண்ணு வந்தது இன்னைக்குத்தான்."

"அம்மா, அது எங்க..."

"எடுத்துக்கோப்பா, யாரு வேணாம்னா? கழுவித் தரேன் இரு." விளக்குமாற்றால் தண்ணீரை ஒதுக்கினார். அது மறுபடி வந்து நின்றது. "தொட்டி நிறைஞ்சு இப்படித்தான் பொங்கிட்டு வரும். என் மக பிரசவத்துக்கு வரணும். இந்த நாத்தத்துக்குள்ள எப்படிப்பா வயித்துப் பிள்ளைக்காரியக் கூட்டிட்டு வருவேன்? குழாய் வருது வருதுன்னு ஆசை காட்டினாங்க. இப்ப என்னமோ களவு போயிடுச்சாம், திட்டத்தையே நிறுத்தப் போறாங்களாம்."

பட்டாணி நக்கலை மறந்துவிட்டு, விளக்குமாற்றை அவரிடமிருந்து வாங்கி, தெரிந்த மட்டும் தள்ளிப் பார்த்தான்.

அதற்குள் அண்ணி வந்து சேர்ந்தார். தண்ணீரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், தாங்கள் ஓடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"வெயில்ல ஓடினதுல ஏதோ ஆயிடுச்சு" என்றான் பட்டாணி கவலையாக.

"தம்பி, பழம் எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"கீழ்ப்பக்கமா. அதுகூடத் தெரியாமத்தான் என் பின்னால ஓடி வந்தீங்களா?"

"சாக்கடை எந்தப் பக்கமா ஓடும்?"

"அதுவும் கீழ்ப்பக்கமாத்தான்..." பட்டாணியின் வாய் திறந்தபடியே நின்றது. "ஐயையோ! போர்டு எல்லாம் மேல இருக்கே!"

"பாறை உச்சிக்கு மெயின் குழாய் போட்டா ஊர்ச் சாக்கடையெல்லாம் மலையேறணும். கோடு போட்டது யாரு? ஒருத்தருக்கு மேடு பள்ளம் பாக்கிறதுதான் வேலை. இன்னொருத்தருக்குக் குழாய்தான் சோறு. இவங்கள்ல யாராவது காட்டிக் கொடுத்திருந்தா, போர்டு எங்க முளைச்சிருக்கணும்?"

"இந்தத் தெருவுல!"

"ஆக, தெரிஞ்சவங்க சொல்லல. தெரியாத ஒருத்தர், தெரிஞ்ச மாதிரி சொல்லியிருக்காரு." அண்ணி எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, பழம் இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கறோம். உங்க மகளுக்கும் சேர்த்து ஒரு நல்ல சேதி கொண்டு வர முடியுதான்னு பாக்கறேன்."

மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவிலிருந்த படிக்கட்டில் அதிகாரியும் இன்ஜினியரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். மற்றவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று இருவருக்குமே உள்ளூர ஒரு சந்தேகம், அதனால் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம்" என்றார் அண்ணி. "நான் சொல்றது சரின்னா இருமுங்க, போதும். உங்க கோடு குளத்துப் பக்கமாப் போகுது."

இருவரும் விருட்டென்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் சேர்ந்தே ஜலதோஷம்" என்றான் பட்டாணி.

"வரைபடத்துல எழுத்தே கிடையாது. மெயின் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வட்டம்."

இருமல்.

"மூலையில ஒரு அம்பு."

இருமல்.

"அது சாக்கடை போற திசை."

இந்த முறை இருமல் வரவில்லை. இன்ஜினியரின் முகம் சிவந்தது. "சாக்கடைக்கு எவனாவது மூலையில அம்பு போடுவானா? அது வடக்குங்க!" என்று வெடித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"தலைவர்கிட்டக் காட்டும்போது நீங்க ரெண்டு பேரும் எப்படி உக்காந்திருந்தீங்க?"

"ஒரே பக்கத்துல" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "பக்கத்துப் பக்கத்து நாற்காலியில. இந்த ஆபீஸ் வரலாற்றுலயே அதுதான் முதல் தடவை."

"அப்ப எதிர்ப்பக்கம்..." என்று பட்டாணி ஆரம்பிக்க, அண்ணி குடை நுனியால் அவன் காலில் ஒரு குத்து குத்தினார். அவன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

கூட்ட அறை நிரம்பி வழிந்தது. தலைவர் நீள மேசைக்குப் பின்னால், உறையை முன்னால் வைத்துக்கொண்டு கம்பீரமாக அமர்ந்திருந்தார். பக்கத்தில் துணைத்தலைவி, சுற்றிலும் உறுப்பினர்கள், சுவரோரமாகப் பொதுமக்கள்.

"நம்பி ஒப்படைச்சேன்" என்றார் தலைவர் தழுதழுத்த குரலில். "கோடு எங்க போகுதோ அங்கெல்லாம் போர்டு! இதுக்கு மேல சாட்சி வேணுமா? அந்தம்மாவை சஸ்பெண்ட் பண்றேன். திட்டம் ரத்து!"

அதிகாரி தலை குனிந்து நின்றார். அவர் யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்காததைப் பட்டாணி கவனித்தான். காலையிலிருந்து அவரைக் கிண்டல் செய்ததற்காக அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"தலைவரய்யா, ஒரு சின்ன விண்ணப்பம்" என்று எழுந்தார் அண்ணி. "நான் இவங்களுக்காக வந்த துப்பறியிற ஆளு. உறையைப் பிரிச்சு, போர்டு எல்லாம் கோட்டு மேல நிக்குதுன்னு உங்க கையாலயே காட்டிட்டீங்கன்னா, வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

"தாராளமா!" என்று தலைவர் சீலை உடைத்தார். வரைபடத்தை மேசையில் விரித்தார். ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார், சரிவரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். மூலையிலிருந்த அம்பு தன் வயிற்றை நோக்கி வந்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். "வந்து பாருங்க! ரோட்டுக்கு மேல இந்த வட்டம் பாறை. கோடு இதைச் சுத்தித்தான் வருது. போர்டு இங்க, இங்க, இங்க!"

அதிகாரி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் குழப்பம், அடுத்து திகைப்பு. பிறகு, வேலை போகப்போகிற ஒரு மனுஷி சிரிக்கக் கூடாத சிரிப்பு அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, அது பாறை இல்ல. குளம்."

வரைபடத்தின் இரண்டு முனைகளையும் பிடித்து அப்படியே தலைகீழாகத் திருப்பினார். கோடு சமர்த்தாகக் குளத்துப் பக்கம் போய் உட்கார்ந்தது.

"கோடு முழுக்கக் குளத்தங்கரைத் தெருக்களுக்குத்தான் போகுது" என்றார் அறை முழுக்கக் கேட்கும்படி. "பாறைப் பக்கம் ஒரு அடிகூடப் போகல. அங்க வீடே கட்டக் கூடாது, பிள்ளைங்க விளையாடக் காலி இடமா விடணும்னு திட்டத்துலயே இருக்கு!"

"என்னது?" என்று வாசலில் ஓர் அலறல் கேட்டது. சொன்ன சொல் தவறாமல் டாண்ணு வந்து நின்ற கூலிங்கிளாஸ், கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மேசையை நோக்கிப் பாய்ந்து வந்தான். "காலி இடமா? பாறைப் பக்கம்தான்னு அடிச்சுச் சொன்னீங்களே அத்தான்! நான் மொத்தப் பாறையையும் வாங்கிட்டேனே அத்தான்!"

அறையில் இருந்த அத்தனை தலைகளும் அவன் கண் போன திசையில் திரும்பின. அந்தத் திசையில் தலைவர் மட்டும்தான் இருந்தார்.

"இதனாலதான் அது நம்ம வீடு மாதிரின்னாரு" என்றான் பட்டாணி.

"வரைபடத்தை எதிர்ப்பக்கமா இருந்து பாத்த ஒருத்தருக்குத்தான் போர்டு கோட்டு மேல இருக்கும்" என்றார் அண்ணி அமைதியாக. "அந்த மேசையில எதிர்ப்பக்கம் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதுல உக்காந்தவரு இப்பவும் அதை அப்படியேதான் விரிச்சாரு. ஜனங்க கொதிச்சதும் தன் பேரு வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் பழியை இந்தம்மா தலையில போட்டு, திட்டத்தையே மூடப் பாத்தாரு."

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் பாவம், அவருடைய மூளை இன்னும் ஒரு படி பின்னால் நின்றது. வரைபடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்ப... இந்த அம்பு?"

"வடக்கு!" என்று மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதன் பிறகு அறையில் எழுந்த சிரிப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. சிரிப்பு ஓய்ந்தபோது தலைவரின் நாற்காலி காலியாக இருந்தது. பின்கதவு வழியாக நழுவப் பார்த்தவரை மைத்துனனே சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தான். துணைத்தலைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திட்டம் அப்படியே நிற்கிறது, நாளையே குளத்தங்கரையில் வேலை ஆரம்பிக்கட்டும், விசாரணை தலைவர் மீது நடக்கட்டும் என்று அறிவித்தார். அதிகாரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார். இன்ஜினியர் செய்வதறியாமல் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"மன்னிச்சிருங்க மேடம். நீங்கதான்னு நெனச்சேன்."

"நானும் உங்களைத்தான் நெனச்சேன்" என்று அவர் மூக்கைச் சிந்தினார்.

குளத்தங்கரைத் தெருவுக்கு நான்கு பேருமாகவே போனார்கள். சேதி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாடி, நம்ம தெருவுக்குத்தான் முதல்ல! வேலை நாளைக்கே ஆரம்பமாம். அது முடியறதுக்குள்ள நீ ஒண்ணும் பெத்துடாதே!" என்று கத்திக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஒவ்வொருவர் கையிலும் சிவப்பாக ஒரு துண்டு.

பட்டாணி கூட்டத்தை விலக்கிப் பார்த்தான். வாளியில் தோல் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"சந்தோஷத்துல வெட்டிட்டேன்பா" என்றார் அந்த அம்மா, போனைப் பொத்திக்கொண்டு. "கோவிச்சுக்காதே."

"அண்ணி" என்றான் பட்டாணி கலவரத்துடன். "அம்மா கேப்பாங்களே, என்ன சொல்றது?"

அண்ணி ஒரு கணம் யோசித்தார். கேஸில் எந்த இடத்திலும் பயப்படாத அந்த முகத்தில் முதன்முதலாகப் பயம் தெரிந்தது.

"நீதான் திங்கிற ஆசையில வெட்டிட்டேன்னு சொல்லிடலாம் தம்பி" என்றார். "பெத்த தாய் உன்னை மன்னிச்சிடுவாங்க. என்னை மன்னிக்க மாட்டாங்க."